பிறை ஓரம்

தாராபுரத்துக்காரர்கள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பது ஜுலைகா பீவியின் வழக்கம். பெருக்காத வீட்டையும் சீவாத தலையையும் பார்க்க அதைவிட நல்ல வழி இல்லை என்பது அவள் கட்சி.

உக்கடத்துக்குப் பின்னால் மெத்தைக்கடைச் சந்தில் அப்போது ஆனிமாதச் சாரல். பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசுகிற காற்று பஞ்சைக் காயவும் விடாது, இருந்த இடத்தில் இருக்கவும் விடாது. யாகூப் முன்னறையில் பஞ்சு அரைக்கும் மெஷினை நிறுத்திவிட்டு, மூக்கில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக்கொண்டே எழுந்தார்.

"வாங்கக்கா. பஸ்ஸுல கூட்டமுங்களா?"

"கூட்டமெல்லாம் உங்கூட்டுக்குள்ளதான் இருக்குது, பஞ்சுக் கூட்டம்." ஜுலைகா பீவி முந்தானையால் வாயைப் பொத்தினாள். "இதுக்குள்ளயா எங்கூட்டுக்கு வரப்போற பொண்ணு வளந்துச்சு?"

"நீங்களும் இதுக்குள்ளதானுங்க வளந்தீங்க, மதினி" என்றாள் ஆமினா பீவி, சமையலறைத் திரைக்குப் பின்னாலிருந்து.

ஜுலைகா பீவி யாகூப்பின் அக்கா. அவளுடைய இளைய மகன் ஷாநவாசுக்கும் யாகூப்பின் மகள் ரிஃபத்துக்கும் நிக்காஹ் நடக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மூத்த மருமகள் சாஜிதா பேகமும், இடுப்பில் அவளுடைய ஒரு வயதுக் குழந்தையும், உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். அவர்கள் வந்தது ஓரம் பார்க்க.

மெத்தைக்கடைச் சந்தில் பெண் கொடுக்கிற வீட்டார் கட்டில் சீரோடு ஒரு ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, கொடுப்பார்கள். அதைக் கல்யாணப்பெண்தான் தன் கையால் ஓரம் கட்ட வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முன்னதாக ஒரு நாள் வந்து, கட்டிலில் விரித்த ரஜாயைச் சுற்றி விரலை ஓட்டி, ஓரத் துணியின் இரண்டு முனைகளும் சேர்கிற ஒட்டு எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். கண்டுபிடித்துவிட்டால் பெண் வீட்டார் ஒரு சட்டி பாயசம் கூடுதலாக வைக்க வேண்டும். முடியாவிட்டால் வந்தவர்கள் பெண்ணின் கையைப் பிடித்து, "காட்டு கண்ணு" என்று கெஞ்ச வேண்டும். எப்படிப் போனாலும் சிரித்துச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அது ஒரு விளையாட்டு. ஜுலைகா பீவி எதையும் விளையாட்டாகச் செய்தவள் இல்லை.

ரிஃபத்துக்கு இருபது வயது. அந்த ஓரத்துக்கு அவள் நாற்பத்துமூன்று நாள் எடுத்துக்கொண்டிருந்தாள். ரஜாயின் மேல்பக்கம் மயில்நீல சாட்டின், அடிப்பக்கம் வெள்ளைப் பருத்தி, ஓரம் மாதுளை நிறம். மாதுளைச் சாயம் வெள்ளையில் இறங்கிவிடும் என்று பயந்து ஓரத்துணியை மூன்று முறை உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, நான்காவது முறை ஒரு துண்டை வெள்ளைத் துணியோடு சேர்த்துப் பிழிந்து பார்த்தாள். மற்ற பெண்களைப் போல நேர் ஓரம் வைக்காமல், விளிம்பு முழுவதையும் பிறை பிறையாக வளைத்திருந்தாள். மொத்தம் எழுபத்தாறு பிறை. துணியைக் குறுக்காக வெட்டினால்தான் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். குறுக்காக வெட்டினால் இழுபடவும் செய்யும். ஒரு பக்கத்தை மட்டும் நான்கு தடவை பிரித்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் தைத்த பிறைகளை ஒரு நோட்டில் குறித்து, பக்கத்திலேயே எது சரியில்லை என்றும் எழுதிவைத்தாள். சரியாக இருக்கிறது என்று எந்த நாளும் எழுதவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு டைப்ரைட்டிங் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் நினைவு அன்றைய பிறையிலேயே இருக்கும். ஆகஸ்டில் லோயர் பரீட்சை.

உள்ளறைக் கட்டிலில் ரஜாயை விரித்தார்கள். கூட வந்த இரண்டு பெண்களும் கட்டிலருகே வந்தார்கள். ஒருத்தி குனிந்து, "தைச்ச மாதிரியே தெரியலீங்களே. துணியே இப்படி மொளச்ச மாதிரி இருக்குது" என்றாள். மற்றவள் ஒரு பிறையை உள்ளங்கையில் தாங்கிப் பார்த்துவிட்டு, சூடான பாத்திரத்தைத் தொட்டவள் போலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அதேங்க, நானும் மூணு வாட்டி வந்து பாத்துப்போட்டுப் போயிட்டேன், இன்னும் மனசு ஆறலீங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. சோமனூர்ப் பக்கத்துப் பாவாத்தாள். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மெத்தைக்குச் சொல்லியிருந்தாள். பஞ்சு காயாததால் வந்து வந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கேட்காமலே உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"இது யாரு?" என்றாள் ஜுலைகா பீவி.

"கிராக்கிங்க. மெத்தை ஆகுற வரைக்கும் போக்கிடம் இல்லீங்க. நீங்க பாருங்க, நான் ஒண்ணும் பேசலீங்க."

ஜுலைகா பீவி வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டுக் கொண்டாள். தலைமாட்டிலிருந்து தொடங்கினாள். வலது கைச் சுட்டுவிரல் பிறையின் முதுகில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, அடுத்த பிறையில் ஏறியது. பள்ளத்தில் நகத்தால் கீறிப் பார்த்தாள். அடிப்பக்கத்தைப் புரட்டி வெளிச்சத்துக்குக் காட்டினாள். ஒட்டு முப்பத்தொன்றாம் பள்ளத்தில் இருந்தது. மடிப்புக்குள் மடிப்பாக. ரிஃபத் கதவைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே நின்றாள். இருபத்தொன்பது, முப்பது. விரல் முப்பத்தொன்றில் இறங்கியது, நகம் கீறியது, முப்பத்திரண்டுக்கு ஏறியது.

முழுச் சுற்று முடிந்தது. ஜுலைகா பீவி மறுபடியும் தொடங்கினாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டாள். முப்பத்தொன்றை மறுபடியும் கடந்தாள்.

"ஏனுங்க, மூணாஞ் சுத்துக்கு டிக்கெட் வாங்கோணுமாட்ட இருக்குதே" என்றாள் பாவாத்தாள்.

உறவுக்காரப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஜுலைகா பீவி நிமிர்ந்தாள். முகம் கறுத்திருந்தது.

"யாரு தைச்சது இது?"

"யாரு தைப்பாங்க, எம்மகதான்" என்றாள் ஆமினா பீவி.

"இந்தப் புள்ளையா? இருபது வயசுப் புள்ளை கையில இது வராது ஆமினா. நானும் இந்தச் சந்துல ஓரம் கட்டுனவதான். எங்கிட்டயே கதை உடாத. ஆள் வெச்சுத் தைச்சிருக்கே."

"அல்லாமேல ஆணையா..."

"ஆணை எதுக்கு? ஒட்டு எங்கேன்னு காட்டச் சொல்லு. தைச்சவளுக்குத் தெரியாம போகுமா?" அவள் ரிஃபத்தின் பக்கம் திரும்பினாள். "நான் உங்கூட்டு ரஜாய்க்கு ஆசைப்பட்டு வரல புள்ளே. எங்கூட்டுல ரஜாய் கட்டுக்கட்டா கெடக்குது. எனக்கு வேண்டியது கை. கை உன்னுதா, வேற எவளுதான்னு தெரியாம நான் எம்மகனுக்குக் கட்ட முடியாது."

"காட்டு ரிஃபத்" என்றாள் ஆமினா பீவி.

கெஞ்சிக் கேட்டால் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கலாம். திருட்டுச் சாமானைக் காட்டுகிறவள் மாதிரி எப்படிக் காட்டுவது? ரிஃபத் வாயைத் திறப்பதற்குள் யாகூப் முன்னறையிலிருந்து இருமிக்கொண்டே வந்தார்.

"பசியோட பேசுனா எல்லாப் பேச்சும் சண்டையாத்தான் போகும். சோறு தின்னுட்டுப் பாத்துக்கலாங்கக்கா. ஒட்டு எங்க ஓடியா போகுது?"

தேங்காய்ச் சோறும் ஆட்டுக்கறியும் தால்ச்சாவும் தயாராக இருந்தன. ஆமினா பீவி பரிமாறப் போனாள். ரிஃபத் கொல்லையில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது சாஜிதா பேகம் குழந்தையோடு வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பால் கொடுத்தாள்.

"எதுக்கு இழுத்துட்டு நிக்கறே? ஒட்டைக் காட்டிப்போட்டுச் சோலியை முடி."

"மாமி கேட்ட விதம் ஒரு மாதிரி இருந்துச்சுங்க அண்ணி."

"கேட்ட விதமா? அங்க வந்து பாரு, விதம் விதமாக் கேப்பாங்க." சாஜிதா பேகம் இடது கையை நீட்டினாள். சுட்டுவிரல் நகம் நடுவில் கறுத்துப் பிளந்திருந்தது. "மெஷின் ஊசி. உள்ள போயி ஒடஞ்சுபோச்சு. கட்டுப் போட்டுட்டு அன்னைக்கே மத்தியானம் உக்காந்தேன்."

ரிஃபத் கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினாள். "வீட்டுல மெஷின் இருக்குதுன்னு சொன்னாங்க. இத்தனை வேலை இருக்கும்னு தெரியாதுங்க."

"ஆறு மெஷின் போட்டிருக்குது. நாலுக்குக் கூலி ஆளு. ஒண்ணு எனக்கு. ஆறாவதை உறை போட்டு மூடி வெச்சிருக்காங்க, உனக்குன்னு. மாமி தெனமும் தொடைக்கறாங்க. என்னை மூணாம் நாள் உக்கார வெச்சாங்க. கையில மருதாணி இன்னும் போகலை."

"ஒரு நாளைக்கு எத்தனை ஓரமுங்க?"

"சின்னதுன்னா நாப்பது. பெருசுன்னா இருபத்தஞ்சு. எல்லாம் நேர் ஓரந்தான். பிறையாவது ஒண்ணாவது."

நாற்பத்துமூன்று நாளுக்கு ஒன்று. ஒரு நாளைக்கு நாற்பது. ரிஃபத் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தாள். ஒரு ஓரத்துக்குப் பத்துப் பதினைந்து நிமிடம். அவளுக்கு ஊசியில் நூல் கோத்துச் சரிபார்க்கவே அவ்வளவு நேரம் ஆகும்.

"ஆகஸ்ட்ல டைப் பரீட்சைங்க. எழுதிக்க உடுவாங்கன்னு அம்மா சொன்னாங்க."

சாஜிதா பேகம் சிரித்த சிரிப்பில் குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தது.

"அவருக்கு இதெல்லாம் தெரியுமுங்களா?" என்று ரிஃபத் கேட்டாள். போன பெருநாளைக்கு ஷாநவாஸ் வந்திருந்தபோது, அவள் குடை மறந்து வகுப்புக்குப் போன நாளில், ஒன்றும் சொல்லாமல் இன்ஸ்டிட்யூட் வாசலில் குடையைக் கொடுத்துவிட்டுப் போனான். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"ஷாநவாசுக்கா? வெடியக்காலம் கட்டைப் பிரிச்சு எண்ணி வெக்கறதே அவந்தான். 'அண்ணி, இன்னைக்கு நாப்பது'ம்பான். நல்ல பையன். கொரலே ஒசத்த மாட்டான்."

சாரல் கொல்லைத் தகரத்தில் விட்டுவிட்டு விழுந்தது.

"நீங்க எதுக்குங்க இதையெல்லாம் எங்கிட்டச் சொல்றீங்க?"

"எரக்கப்பட்டுன்னு நெனச்சுக்காத." சாஜிதா பேகம் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டினாள். "நீ வந்தா நாப்பதுல பாதி உன்னுது. வராட்டி முழுக்க என் தலையில. தெரிஞ்சுட்டு வந்தீன்னா அழுவ மாட்டே. பக்கத்து மெஷின்ல ஒருத்தி அழுதுட்டே உக்காந்திருந்தா எனக்குக் கை ஓடாது. அதுக்குத்தான் சொன்னேன். வா, காட்டு."

உள்ளே சாப்பாடு முடிந்திருந்தது. பாவாத்தாளுக்கும் ஒரு தட்டில் சோறும் தால்ச்சாவும் வைத்திருந்தார்கள். கறி வேண்டாம், வெள்ளிக்கிழமை என்று சொல்லியிருந்தாள். ஜுலைகா பீவி வெற்றிலையை மடித்து வாயில் வைத்தாள்.

"கறி கொஞ்சம் உப்புக் கம்மி. போகுது. வா புள்ளே, காட்டு."

ரிஃபத் கட்டிலருகே போய் நின்றாள். நாற்பத்துமூன்று நாளும் அவளுக்கு ஒரே பயம்தான்: எங்கோ ஒரு கோணல் இருக்கிறது, தன் கண்ணுக்குத் தெரியவில்லை, தெரிந்தவள் வந்து தொட்டதும் அகப்பட்டுவிடும் என்று. தெரிந்தவள் வந்துவிட்டாள். குற்றம் கண்டுபிடிக்கவே ஐம்பது மைல் பஸ் ஏறி வந்தவள் இரண்டு முறை தொட்டும் ஒன்றும் அகப்படவில்லை. இதைவிடப் பெரிய பரீட்சை இனி ஒன்று கிடையாது. விரலை முப்பத்தொன்றாம் பள்ளத்தில் வைத்தால் போதும், இந்த அறையிலேயே எல்லோர் வாயும் மூடிவிடும். வைத்துவிட்டால் அந்த விரல் அதற்குப் பிறகு யாருடையது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான் தைக்கலீங்க, மாமி."

ஜுலைகா பீவி வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னது?"

"ஆள் வெச்சுத் தைச்சதுதானுங்க. ஈரோட்டுல மைமூன் பீவின்னு ஒருத்தங்க. எனக்கு நேர் ஓரமே சரியா வராதுங்க."

"ஏய்!" ஆமினா பீவி கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் தண்ணீர் தளும்பித் தரையில் ஓடியது. "என்னடி பேசறே? மதினி, இவ பொய் சொல்றாளுங்க. நாப்பது நாளா இவதான் உக்காந்து..."

"எது பொய்யி? அவ வாயாலயே சொல்லிப்போட்டா."

"இந்தம்மாவைக் கேளுங்க! இவங்க பாத்திருக்காங்க!"

எல்லோரும் பாவாத்தாளைப் பார்த்தார்கள். பாவாத்தாள் ரிஃபத்தைப் பார்த்தாள். மூன்று தடவை வந்தபோதும் இதே பெண் ஜன்னலோரம் குனிந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு ஊசி ஏற்றி இறக்கியதை அவள் பார்த்திருந்தாள். ரிஃபத் கண்ணை எடுக்கவில்லை. பாவாத்தாள் தட்டை நகர்த்திவைத்தாள்.

"நான் எதைக் கண்டனுங்க? ஒருக்கா ஒரு பொம்பளை பையில சுருட்டிக் கொண்டுவந்து குடுத்ததைத்தான் பாத்தனுங்க. நல்லா ஓங்குதாங்கா இருந்தாங்க. மூக்குல பெரிய பேசரி. ஈரோட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு டீகூடக் குடிக்காம போயிட்டாங்க."

"அடிப் பாவி!" என்றாள் ஆமினா பீவி. மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "காட்டுடி ஒட்டை. காட்டு!"

"எனக்குத் தெரியாதும்மா."

ஆமினா பீவி கட்டிலருகே மண்டியிட்டாள். தலைமாட்டிலிருந்து விரலை ஓட்டத் தொடங்கினாள். பள்ளம் பள்ளமாகப் பிதுக்கிப் பார்த்தாள், அடிப்பக்கத்தைப் புரட்டினாள், கண்ணீர் மறைத்ததும் முழங்கையால் துடைத்துக்கொண்டு மறுபடி தேடினாள். நாற்பத்துமூன்று நாள் அதே அறையில் இருந்தவளுக்கும் அது அகப்படவில்லை. மகள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுலைகா பீவி எழுந்தாள். "கூடப் பொறந்தவன் ஊடுன்னு வந்தேன் பாரு, என்னைச் சொல்லோணும். ஊசி புடிக்கத் தெரியாத புள்ளையைத் தலையில கட்டப் பாத்திருக்கீங்க. யாகூப், இனி இந்தப் பேச்சு வேண்டாம்."

"அக்கா, ஒரு நிமிசங்க..."

"நிமிசமும் இல்ல, மணியும் இல்ல. ஏம் புள்ளே," வாசற்படியில் நின்று ரிஃபத்திடம் கேட்டாள், "அந்த மைமூன் பீவிக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குதா?"

"கேட்டதில்லீங்க, மாமி."

சாஜிதா பேகம் கடைசியாகச் செருப்பை மாட்டினாள். ரிஃபத்தின் காதோரம் குனிந்து, "நீ நல்லா இருக்க மாட்டே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் குழந்தையை இறுக்கிக்கொண்டு சாரலில் இறங்கினாள்.

பாவாத்தாளும் புறப்பட்டாள். யாகூப்பிடம், "மெத்தை அடுத்த வாரமே ஆகட்டுங்க, அவசரமில்லீங்க" என்றாள். வாசலில் திரும்பி ரிஃபத்தைப் பார்த்தாள். "என்ன காரியமோ, எனக்குத் தெரியாது அம்மணி. பேசரி போட்டது கொஞ்சம் ஓவராப் போச்சோ?" என்றாள். ரிஃபத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு யாகூப் மெஷினை ஓட்டவில்லை. மகளைக் கூப்பிட்டு, "ஷாநவாசைப் புடிக்கலையா கண்ணு?" என்று கேட்டார்.

"புடிச்சிருந்துச்சுங்க அத்தா."

அவர் வெகுநேரம் இருமினார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆமினா பீவி கேட்க வேண்டியதையெல்லாம் அன்றைக்கே கேட்டுத் தீர்த்தாள். பெற்றவன் மானத்தைப் பஞ்சு மாதிரி அரைத்து ஊதிவிட்டாயே என்றாள். தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பெண்ணை இந்தச் சந்து பார்த்ததில்லை என்றாள். ஆறு மெஷின் கதையை ரிஃபத் சொன்னபோது, "எந்த ஊட்டுல வேலை இல்ல? நான் செய்யலையா? உன் நன்னி செய்யலையா? நீ என்ன சாட்டின்ல பொறந்தவளா?" என்று கேட்டு ஒரு அறையும் விட்டாள். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டாள். சோற்றை மட்டும் மூடிவைத்தாள்.

செய்தி சந்தில் பரவ ஒரு பகல் போதுமானதாக இருந்தது. குழாயடியில் ரிஃபத் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றது. காய்கறிக் கடையில் ஒருத்தி, "காசு குடுத்தா கல்யாணத்தையும் ஈரோட்டுலயே தைச்சு வாங்கிக்கலாம்" என்றாள். ரிஃபத் தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். அன்று வகுப்பில் ஒரு பக்கம் அடித்ததில் பதினொரு பிழை.

நான்காம் நாள் மத்தியானம் எதிர் மெத்தைக்கடை ரசாக்கின் மனைவி வந்தாள். ரஜாய் அதே கட்டிலில் கிடந்தது. மடித்து வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவள் அனுமதி கேட்காமலே உட்கார்ந்து ஓரத்தைத் தடவினாள்.

"சுப்ஹானல்லாஹ். சொன்னாங்க, நம்பல. இப்படி ஒரு கையா?" என்றாள். பிறகு ஆமினா பீவியின் பக்கம் நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "நடந்தது நடந்துபோச்சு, உடுங்க. அந்த ஈரோட்டுப் பொம்பளை அட்ரஸைக் குடுங்க. தை மாசம் எங்க மகளுக்கு. கேட்டதைக் குடுத்தர்றோம்."

ரிஃபத் ஜன்னலோரம் டைப்ரைட்டிங் புத்தகத்தை வைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பலகையில் எழுத்து தேடி அசைந்துகொண்டிருந்த விரல்கள் நின்றன. அம்மா உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தாள். சொன்னால் சாயங்காலத்துக்குள் தாராபுரத்துக்குப் போன் போய்விடும்.

ஆமினா பீவி நான்கு நாளில் முதல் தடவையாக மகளை நேராகப் பார்த்தாள். கண் சிவந்துதான் இருந்தது. கோபம் ஒரு துளியும் குறைந்திருக்கவில்லை.

"அந்தப் பொம்பளை செத்துப்போயிட்டாங்க" என்றாள்.

"யா அல்லா! எப்ப?"

"வெள்ளிக்கிழமை. சோத்துக்கு அப்புறம்."

ரசாக்கின் மனைவி ஓரத்திலிருந்து கையை எடுத்தாள். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடி, "இன்னாலில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்" என்று நிறுத்தி நிதானமாக ஓதினாள். ஓதி முடிக்கும்வரை ரிஃபத் அசையாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.